பின்வேலியில் பொறுக்கிய ரவைக்கோதுகள்

இன்று பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

துப்பாக்கி சுட்டபின் கீழே விழும் வெற்று ரவைக்கோதுகளை வாங்கி, மறுபடியும் வெடிமருந்து அடைத்துப் பன்றி சுடுபவர்களுக்கு விற்கும் வியாபாரி ஒருவர் வந்தார். எங்களிடம் பால்மா ரின் ஒன்று நிறைய அந்தக் கோதுகள் இருந்தன. என் ரியூசன் காசுக்கு உதவும் என்று அம்மா எடுத்து வந்தார்.

சண்டைக் காலத்தில் அம்மாவின் தம்பியான என் மாமாவைத் துரத்தி வந்தவர்கள் சுட்ட கோதுகள் அவை. மாமா பின்வேலி பாய்ந்து தப்பிவிட்டார் என்றுதான் அம்மா சொல்வார். மாமா இன்னும் வரவில்லை. இரவில் வந்தால் வழி தெரியட்டும் என்று விறாந்தை லைற்றை நாங்கள் அணைப்பதே இல்லை.

வியாபாரி ஒவ்வொரு கோதாக உருட்டிப் பார்த்தார்.

"நல்ல பித்தளை, தங்கச்சி. ஒரே இடத்திலையோ கிடந்தது?"

"ஓம் ஐயா. வேலியடியிலை, ஒரு குவியலாய்," என்றார் அம்மா.

"அப்ப ஆள் அசையாமல் நிண்டு சுட்டிருக்கிறான். பழகின கை."

அம்மா பின்வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பழகின கையெண்டால் குறி தப்பாதோ?"

வியாபாரி கையிலிருந்த கோதை மெதுவாக ரின்னுக்குள் வைத்தார்.

"நான் பித்தளை யாவாரி, தங்கச்சி. எனக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும்?"

"எல்லாத்தையும் கொண்டு போங்கோ. காசு வேண்டாம்."

வியாபாரி போனபின், கரண்ட் பில்லாவது இனிக் குறையும் என்று விறாந்தை லைற்றைப் பார்த்தபடி அப்பா சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

விறாந்தை லைற்றை அம்மா அணைத்துவிட்டார்.