தீவுக்கு வரத் தேதி கேட்ட அக்கா

இன்று மதியம், மீனவ ஊரான இனயத்துக்குப் போகிற பஸ்.

லட்சத்தீவில் சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத சின்னத் தீவுகளில் முதுகுப்பையோடு தனியாகச் சுற்றிவிட்டு, போன வாரம்தான் திரும்பி வந்தேன். அதிலிருந்து வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் பஸ்ஸில் ஏறி, போனில் தீவுப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில், மீன் விற்றுக் காலியான சருவத்தோடு ஒரு அக்கா.

"இது எந்த எடம் மக்கா?"

தீவின் பெயரைச் சொன்னேன்.

"எனக்க மாப்பிள கடலு மோசமானா மீன்பிடி போட்டோட இங்கதான் ஒதுங்குவாரு. எப்பிடி இருக்கும்னு கேட்டா, 'தென்னை நிக்கும்'பாரு. அவ்வளவுதான்."

போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அடிமணல் தெரியும்படி தண்ணீர் தெளிந்து கிடந்த படத்தில் விரல் நின்றுவிட்டது.

"எக்கா, ஒங்க ஸ்டாப்பு போயாச்சு!" என்று கண்டக்டர் கத்தினார்.

அக்கா அசையவில்லை. "பொண்ணுவ தனியா போவலாமா?"

"நான் போனேனே அக்கா."

"அப்பம் அடுத்த தடவ என்னயும் விளி."

என் நம்பரை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான் வீடு சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"என்னைக்கு போறோம் மக்கா? அவரு நம்ம ஊரு கரைக்கு வரும்போ நான் அந்தத் தீவுல இருக்கணும். ஒரு தடவையாவது அவரு எனக்காவ கடலப் பாத்துட்டு நிக்கட்டு."

என்னிடம் 'நானும் வர்றேன்' என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் 'பாப்போம், பாப்போம்' என்று இழுக்கிற நண்பர்களே, அக்காவுக்கு என்ன தேதி சொல்லட்டும்?