சும்மா உட்காரும் குழு

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிப்பவளுக்கு மடிப்பக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே மடித்துக் கை ஓய்ந்து வீட்டுக்குப் போனால், கட்டிலில் இன்னொரு குவியல் காத்திருக்கும். அவளுக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்தபோது யாருக்கும் ஆச்சரியமில்லை, அவளுக்கும்தான்.

யோகா செய்தால் கொதிப்பு இறங்குகிறதா என்று அதே மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். கொதிப்புள்ள ஊழியர்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு யோகா. மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. வேலை முடிந்ததும் மாடி அறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். மடிப்பக்காவுக்கு விழுந்தது சும்மா.

"வருத்தமா அக்கா?" என்றாள் ஆராய்ச்சி நர்ஸ்.

"எனக்கா? சும்மா உட்காருன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லம்மா."

வீட்டில் மட்டும் யோகா என்றே சொல்லிவைத்தாள். உட்காரப் போகிறேன் என்றால் யார் விடுவார்கள்? யோகா என்றதும் கணவனுக்கே ஒரு மரியாதை வந்தது. முதுகு வலிக்கு ஏதாவது சொல்லிக்கொடு என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தான். "கண்ணை மூடி நேரா உட்காருங்க," என்றாள். உட்கார்ந்தபடியே குறட்டை விட்டான். மறுநாள், "நல்லாத்தான் சொல்லித் தராங்க," என்று மெச்சிக்கொண்டான்.

மாடி அறையில் வரிசையாக நாற்காலிகள், ஒரு மின்விசிறி. தூங்கக் கூடாது, பேசக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். "உப்பு எங்கே, என் சட்டை எங்கே" என்று கேட்க ஆளில்லாத இடம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரத்தை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. மாமியார் எடுத்தாள். நர்ஸ்தான். "ஒப்பிட்டுப் பார்த்து முடிச்சாச்சு. நாளையிலேர்ந்து அக்கா குழுவுக்கும் யோகா. உட்கார்ந்தது போதும்னு சொல்லிடுங்கம்மா."

தலையில் துண்டோடு வந்தவளை மாமியார் குளியலறை வாசலிலேயே மறித்தாள். "இத்தனை நாளா அங்க போயி சும்மாவா உட்கார்ந்திருந்தே?"

"ஆமா அத்தை."

"உட்கார்றதுக்கு நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா?" என்றான் கணவன். யோகா என்று நம்பிக் குறட்டை விட்ட கோபம் அவனுக்கு.

"நாற்காலி இருக்குங்க. எழுப்பி விடறதுக்கு ஆளும் இருக்கு."

இனிமேல் நேராக வீட்டுக்கு வா என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து நின்றாள்.

"கொதிப்பு எறங்குச்சா?" என்றாள் மாமியார்.

"கொஞ்சம்."

"அப்ப போயி அந்த யோகாவையும் செய். நீ விழுந்துட்டா என்னை யாரு பாக்கறது?"

திங்கள் மாலை பாயில் நின்றாள். பகலெல்லாம் விரிப்பு உதறிய தோள் கனத்தது. "ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க," என்றார் யோகா மாஸ்டர்.

"நான் உட்கார்ந்துக்கட்டுமா சார்?"

"கடைசியில படுக்கலாம்மா. இப்போ தூக்குங்க."

தூக்கினாள். வீட்டு வேலையை நினைத்தால் இது பரவாயில்லை.