வாயைத் திற, ஓன் பே

பர்மாவில், மோல்மீன் பெரிய சந்தையின் மேற்கு வாசலில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் மணியடித்து ஆள் பிடிப்பார்கள். பதினோராவது ஆளான கோ ஓன் பே மட்டும் வாயால் பிடிப்பார். மீன்கூடையோடு வருகிற கிழவியைப் பார்த்து, "மகாராணி, தேர் தயார்! கூடைக்குத் தனி ஆசனம், உங்களுக்கு என் பக்கத்துல!" என்பார். கிழவி அவர் பரம்பரையையே திட்டிக்கொண்டு வருவாள். வந்து அவர் வண்டியில்தான் ஏறுவாள்.

அப்படிப்பட்ட மனிதர் போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஐம்பத்தொரு வயதாகிறது, புத்தி வந்துவிட்டது என்று மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். இருபத்தாறு வருஷமாக வராத புத்தி ஒரு மழையில் வராது என்று தெரிந்தவள் அவர் மனைவி சான் யீ ஒருத்திதான்.

சான் யீயின் பீடாக்கடை சைக்கா நிற்கிற இடத்திலிருந்து இருபது அடி தூரம். சக்கரம் வைத்த மரப்பெட்டி, மேலே ஒரு தார்ப்பாய், ஈரத்துணி போர்த்திய வெற்றிலைக் கட்டு, பால் டின்னில் சுண்ணாம்பு. கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கு வைத்து மடித்து, தன் இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். காரம் தன் வாயில் தெரிந்தால் இன்னும் தண்ணீர் கலப்பாள். சான் யீ கடைச் சுண்ணாம்பில் வாய் வெந்தவன் ஒருத்தன் கிடையாது என்று சந்தைக்கே தெரியும்.

அந்தச் சந்தையில் ஓன் பே அவளைப் பிடித்ததும் வெற்றிலையை வைத்துத்தான். மொத்தமாக வாங்கினால் ஒரு தடவைதான் வரமுடியும் என்று ஒவ்வொன்றாக வாங்க வந்தவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகு வரவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. தினமும் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பு, தேனில் ஊறவைத்த புகையிலை போட்டு அவருக்கென்று இருபத்திரண்டு பீடா மடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, கைப்பிடியில் மாட்டிவிடுவாள். ஆசையை அவள் வாயால் சொன்னதில்லை. அந்தப் பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்குப் பிறகு, ஓன் பே முதலில் மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸை ஆறவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பிறகு பச்சைமிளகாயைத் தட்டு ஓரம் ஒதுக்கினார். சோற்றுக்குக் கடித்துக்கொள்ள ஐந்து மிளகாய் கேட்கிற மனிதர். "என்ன ஆச்சு?" என்றால், "உடம்பு சூடு" என்பார். இளநீர் குடிப்பார். அவளும் நம்பினாள், அல்லது நம்பிக்கொண்டாள்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வந்தது. சந்தை வாசலில் பெரிய சட்டி வைத்து அரிசிமாவு உருண்டை அவித்தார்கள். உள்ளே வெல்லம் வைத்து உருட்டுவது வழக்கம். விளையாட்டுக்கு ஒன்றிரண்டில் மிளகாய் வைப்பதும் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் ஓன் பே கண்ணை மூடிக்கொண்டு உருண்டை உருண்டையாக வாயில் போட்டு, மிளகாய் மாட்டினாலும் மாட்டாதவர் மாதிரி சிரிப்பார். இந்த வருஷம் அதை நாலாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டாக உதட்டுக்குள் தள்ளினார்.

"மிளகாய்க்குப் பயந்துட்டான்டா ஓன் பே!" என்று எல்லாரும் கத்தி, வாளி வாளியாகத் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபோதும் வாய் திறக்கவில்லை. சான் யீ அதைப் பார்த்துவிட்டாள். சுற்றிலும் அத்தனை பேர் நனைந்து ஆடிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவர் மிளகாய்க்குப் பயப்படவில்லை. உருண்டை உள்ளே போகிற அளவுக்கு அவர் வாய் திறக்கவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் மா கைன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, பீடாவால் வாய்ப்புற்று வரும் என்று கடையை மூடச்சொல்லித் திட்டிவிட்டுப் போகிறவள். இந்தத் தடவை சான் யீயே அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடச் சொல்லு. போகலேன்னா உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்குன்னு தள்ளாத."

நர்ஸ் போனதும் சான் யீ பெட்டிக்குப் பின்னால் குனிந்து தன் வாயில் மூன்று விரலையும் விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போனது. தன்னைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது.

ஓன் பேயை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் மத்தியானம் விரலை வைக்க வைத்தாள். ஒன்றரை விரல்தான் போனது.

"என்னோடது தடிச்ச விரல்," என்றார்.

"என் விரலை வெச்சுப் பாக்கலாமா?"

"கடிச்சிருவேன்."

"கடிக்கிறதுக்காவது வாயைத் திறங்க பாப்போம்."

அவர் எழுந்து போய்விட்டார். ஆண்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே உடனே அவசர வேலை வந்துவிடும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், டயருக்குக் காற்று குறைந்திருக்கும். அன்று அவருக்குச் சங்கிலிக்கு எண்ணெய் போடவேண்டியிருந்தது.

"படகுத்துறை ஊ பா லே என்ன ஆனாரு? ஆஸ்பத்திரிக்குப் போனாரு, கத்தி வெச்சாங்க, செத்தாரு," என்று எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அவரு செத்துக்கிட்டே போனாரு, கோ ஓன் பே. கன்னத்துல ஓட்டை விழுந்தப்புறம் போனாரு."

"எனக்கு ஒண்ணுமில்ல. விடு."

அந்த மூன்று சொல்லும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவருக்குப் பீடா மடிப்பதை நிறுத்தினாள். அவர் படகுத்துறையில் வேறொருத்தி கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து நின்றார். பயத்தோடு பயமாக அவளுக்குப் பொறாமையும் வந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. மலைமேல் இருக்கிற புத்தர் கோயிலுக்குப் போய், அவர் பிறந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய மூலையில் இருக்கிற புத்தர் சிலைக்கு, வயதுக்கு ஒன்று கூட்டி ஐம்பத்திரண்டு கிண்ணம் தண்ணீர் ஊற்றினாள். இறங்கி வரும்போது பயமும் கூடவே இறங்கி வந்தது.

அந்த வீட்டில் சிவப்பைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. தலையணை உறை, துண்டு, சட்டைப்பை என்று எல்லாவற்றிலும் வெற்றிலைக்கறை. ஜூன் மாதத்தில் ஒரு காலை, துவைக்கப் போட்ட துணியில் அவர் துண்டு நாலாக மடித்து அடியில் செருகியிருந்தது. விரித்தால் சிவப்பு. வழக்கமான கறை என்றுதான் முக்கப் போனாள். கை ஏனோ நின்றது. மோந்து பார்த்தாள். சோம்பு வாசனை இல்லை, புகையிலை வாசனை இல்லை. கொல்லன் பட்டறை மாதிரி இரும்பு வாசனை அடித்தது.

அவள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாளாக இந்த வீட்டில் ரத்தத்தை வெற்றிலைச்சாறு என்று நினைத்துத் துவைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தாள். அவர் செத்துப்போவார். தன் கண் முன்னால், தான் கெஞ்சக் கெஞ்ச, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே செத்துப்போவார்.

காலை பத்து மணி. சந்தை நெரிந்துகொண்டிருந்தது. சான் யீ கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சைக்கா நிற்கிற இடத்துக்குப் போனாள். பதினொரு பேரும் இருந்தார்கள். செருப்பைக் கழற்றினாள். மழைச்சேறு என்று பார்க்கவில்லை. ஓன் பேயின் கால் முன்னால் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட வணங்கினாள்.

விளக்குப் பண்டிகை அன்று மனைவி கணவனை அப்படிக் கும்பிடுவது உண்டு. ஆனால் பண்டிகைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதோடு யாரும் தெருவில் கும்பிடுவதில்லை. கணவன் மனைவியைக் கும்பிடுவதோ தெருவிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. அப்படிச் செய்தவனை ஊர் ஏழு தலைமுறைக்குச் சிரிக்கும்.

"உடம்பாலயும் வாயாலயும் மனசாலயும் நான் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிருங்க," என்றாள். இரண்டாம் தடவை வணங்கினாள்.

"ஏய், என்ன இது! எந்திரி! எல்லாரும் பாக்குறாங்க."

"இருபத்தாறு வருஷமா உங்க வாயில நான் வெச்சதுக்கெல்லாம் மன்னிச்சிருங்க." மூன்றாவது தடவை நெற்றியைத் தரையில் வைத்தவள் எடுக்கவில்லை.

வழக்கமாகக் கேலி பேசுகிற பத்துப் பேரும் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். போய்க்கொண்டிருந்த ஒரு மீன்கூடைக் கிழவி நின்று, "அடப் பாவி, என்னடா பண்ணின அவளை?" என்று கேட்டாள்.

ஓன் பே குனிந்து மனைவியின் தோளைப் பிடித்துத் தூக்கினார். "ஏறு," என்றார்.

சைக்காவில் பயணி உட்காருகிற இடம் சைக்கிளுக்குப் பக்கவாட்டில். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் முகம் தெரியாது. அவர் மிதித்தார். சந்தையைத் தாண்டியதும் அவர் குரல் வந்தது.

"தெருவுல வெச்சா செய்வ?"

"வீட்டுல செஞ்சா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்களே."

ஏற்றம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார். "அங்க என்ன கேப்பாங்கன்னு தெரியுமா உனக்கு? ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமா, யாரு கடைன்னு கேப்பாங்க. நீ பக்கத்துலயே உக்காந்திருப்ப."

சான் யீ திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்கு இந்த எரிச்சலே தேவலாம்னு இருந்துச்சு."

இத்தனை மாதம் அவர் தன் உயிருக்குத்தான் பயப்படுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்; அவர் பயந்தது அவள் மேல் பழி வருமே என்று. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "கூறு கெட்ட மனுஷா," என்றாள். "கூறு கெட்ட மனுஷா."

பெரியாஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. உள்ளே டாக்டர் சின்னப் பெண், நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தாள்.

"வெத்தல போடுவீங்களா?"

"எப்பவாச்சும்," என்றார் ஓன் பே.

"எப்பவாச்சும்னா ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலஞ்சு."

"எங்க வாங்குவீங்க?"

"படகுத்துறையில. அங்கங்க. குறிப்பா ஒரு கடைன்னு இல்ல."

"இருபத்திரண்டு," என்றாள் சான் யீ. "என் கடைதான். நான்தான் மடிச்சேன், டாக்டர். தினமும் முதல்ல இவருக்குத்தான் மடிப்பேன்."

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள். அவர் வாய்க்குள் வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "கன்னம் இறுகிப்போயிருக்கு. உள்ள ஒரு புண்ணு இருக்கு. சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பத்து நாளாகும். அதுக்கு முன்னாடி நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டிருந்தா இந்த வாய்க்குள்ள என்னால எட்டியே பார்த்திருக்க முடியாது."

சான் யீ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெளிச்சம் அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா, நீங்களும் போடுவீங்களா?"

"வியாபாரத்துக்குத்தான். காலையில சுண்ணாம்பு ருசி பாக்க ஒண்ணே ஒண்ணு."

"எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

அவள் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. "எனக்கு மூணு விரலும் போகுதே," என்றாள்.

"மூணு விரல் போனாலும் புண்ணு வரும். உக்காருங்க, வாயைத் திறங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன், சுண்ணாம்பு காஞ்சிரும்." சொல்லிக்கொண்டே கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்தாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். ஓன் பே லுங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, சிமெண்டுத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றியிருந்தார். இன்னொன்றையும் ஊன்றினார். கைகூப்பினார்.

"ஐயோ, எந்திரிங்க! என்ன பண்றீங்க?"

"நீ உக்காரு. நான் எந்திரிக்கிறேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் எழுந்து வந்து, சுண்ணாம்பு அரித்த அவள் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "திற, சான் யீ," என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். வெளிச்சம் வலது பக்கம் போய் உடனே திரும்பியது. இடது பக்கம் போய் அங்கேயே நின்றது. டாக்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். வாயை மூட முடியாமல், பேச முடியாமல், சான் யீ கண்ணை மட்டும் ஓன் பே பக்கம் திருப்பினாள். அவர் அவள் கையை விடவில்லை.