மேலே, இடது மூலையில்

சுமனுக்குக் கணினியில் எது பிடிக்கும் என்று புளத்கொகுபிட்டிய டவுனில் யாரைக் கேட்டாலும் "பழசுதான்" என்பார்கள். அது சுத்தப் பொய். பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இந்த மனுஷனைப் பற்றி யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிவைக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கைருன்னிஸா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் நிஸா கொமியூனிகேஷன் என்னுடையது. போட்டோகொப்பி, பிரின்ட், போன் ரீலோட், கல்யாணக் கார்டு. கணினியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கடை என் பெயரில், மெஷின்கள் சுமன் கையில்.

சுமன் மேலே றப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் வெட்டினவர். ஒருநாள் தோட்டத்து ஒபீசுக்கு இவன் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்ததாம். வேலை கிடைத்துவிட்டது என்று லயத்து வீட்டு வரிசையே கூடிவிட்டது. பிரித்தால் உள்ளே ஒரு சீடி. அந்தக் காலத்தில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் மென்பொருளைக் கேட்டவர்களுக்கெல்லாம் சீடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். இவனிடம் சீடி இருந்தது, போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. என்னிடம் வைரஸ் பிடித்துப் படுத்துக்கிடந்த மெஷின் இருந்தது. "ஒரு தடவ போட்டுப் பாக்கட்டுங்களா அக்கா?" என்று வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு உள்ளே வந்தவன், இன்னும் போகவில்லை.

உள்ளே ஓடுகிற லினக்ஸ் வேறு, நாம் கண்ணால் பார்க்கிற மெனு, பட்டை, ஜன்னல் எல்லாம் வேறு என்பான். பார்க்கிற பக்கத்துக்கு டெஸ்க்டொப் என்று பெயர். அதை உலகத்தில் பல கூட்டங்கள் இலவசமாகச் செய்து கொடுக்கின்றன. பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் அடுத்ததுக்கு மாறலாம்.

கல்யாணம் முடித்த புதிதில் மனைவி விஜயகலாவையும் கடைக்குக் கூட்டிவந்தான். சுவரோரத்து மெஷினை அவளுக்குக் கொடுத்தேன். தமிழ் டைப்பிங்கை ஒரு மழைக்காலத்துக்குள் பிடித்துக்கொண்டாள். கோயில் திருவிழா நோட்டீஸ், எங்கள் பள்ளிவாசல் அறிவித்தல் எல்லாம் கலாவின் கையால்தான். வேலை இல்லாத நேரம் சீட்டு விளையாடுவாள். திரையின் மேலே, இடது மூலையில், பயன்பாடுகள், இடங்கள், அமைப்பு என்று மூன்று சொற்கள் இருக்கும். முதல் சொல்லைத் தட்டினால் விளையாட்டுகள் வரும். என்னோடு கதைத்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே தட்டுவாள். பின்னால் ஒரு பழுப்பு நிறப் படம், சாயம் போன சாக்கு மாதிரி. எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

மகள் தனுஜா நடக்கத் தொடங்கிய வருஷம் கலா குவைத்துக்குப் போனாள். லயத்து அறையை விட்டு வெளியே சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும். அதற்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் போன அடுத்த வருஷம் க்னோம் என்கிற அந்த டெஸ்க்டொப்பின் மூன்றாம் பதிப்பு வந்தது. மூலையில் இருந்த மூன்று சொற்களையும் தூக்கிவிட்டார்கள். உலகம் முழுக்கச் சண்டையாம். பழையதே வேண்டும் என்று கோபித்துக்கொண்ட கூட்டம் ஒன்று, அதே முகத்தோடு மாட்டே என்று தனியாக ஒன்றைச் செய்துகொண்டு போனது. சுமனுக்கோ கொண்டாட்டம். புதியது ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தான். பின்னறை மெஷினில் வாரத்துக்கு ஒரு கோலம். சுவரோரத்து மெஷினை மட்டும் இன்னும் தொடவில்லை, அவ்வளவுதான்.

முதல் லீவில் கலா வந்தாள். இடையில் அவளுடைய அம்மா மவுத்தாகி, காரியமும் முடிந்திருந்தது. தனுஜா இவளைப் பார்த்து அப்பா கட்டியிருந்த சாரத்துக்குள் ஒளிந்துகொண்டாள். லயத்தில் பக்கத்து அறைக்காரர்கள்கூட மாறியிருந்தார்கள். வந்து இரண்டு மூன்று நாள் கழித்துக் கடைக்கு வந்து தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினைப் போட்டாள். கை தானாக இடது மூலைக்குப் போய் சீட்டு விளையாட்டைத் திறந்தது. உடனே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"இது ஒன்னுதாங்க அக்கா என்னையத் தேட வைக்கல," என்றாள்.

சுமன் பிரின்டருக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

அதற்குப் பிறகு எத்தனை பதிப்பு வந்தாலும் சுவரோரத்து மெஷினின் முகம் மாறவில்லை. சோம்பேறித்தனமாக அப்படியே விட்டுவைத்தான் என்று நினைக்காதீர்கள். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்பு நின்றுபோகுமாம், ஆகவே உள்ளே எல்லாவற்றையும் ஒழுங்காகப் புதுப்பிப்பான். பிறகு மாட்டேயைப் போட்டு, மூன்று சொற்களையும் மூலையில் வைத்து, எழுத்தின் அளவைச் சரிபார்த்து, அந்தச் சாக்குப் படத்தையும் தேடிப் பிடித்து ஒட்டுவான். சீட்டுக்கட்டின் முதுகில் இருக்கும் கோலம்கூட மாறக் கூடாது. உள்ளே இந்த வருஷம், வெளியே 2010.

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். "அய்யே, மேக்க ஹரி பரணய் நே," என்று சிங்களப் பையன்கள் இது ரொம்பப் பழசு எனக் கேலி செய்வார்கள். பழசுதான் நல்லது என்று அவனும் சிரித்துக்கொண்டே சொல்லிவைப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"கடைக்குள்ள இப்பிடி ஒண்ட வெச்சிக்கொண்டு ஈக்கிறாயே, ஆக்கள் என்ன நினைப்பாங்க? மாத்தேன் சுமன்," என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

"கலா வந்தா தேடக் கூடாதுங்க அக்கா," என்றான். நான் போட்டோகொப்பி மெஷின் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவனுக்கு உண்மையில் பிடித்தது பிளாஸ்மா. கே.டி.ஈ. என்கிற கூட்டம் செய்வது. அதில் பட்டையை எந்தப் பக்கமும் வைக்கலாம், எந்த நிறமும் கொடுக்கலாம், ஒரு பொத்தானின் வளைவைக்கூட மாற்றலாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை புது வெளியீடு வரும். வந்ததும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, பின்னறை மெஷினில் செருகி ஓட்டிப் பார்ப்பான். கழற்றினால் மெஷின் பழையபடி ஆகிவிடும். திரையை ஒரு பெட்டி மாதிரிச் சுழற்றிக் காட்டும் வித்தை ஒன்று அதில் இருந்தது. ஒரு பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், இரண்டு வருஷம் துக்கம் காத்தான். ஆறாம் பதிப்பில் அது திரும்ப வந்த அன்று எனக்கு பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பணிசும் வாங்கிக் கொடுத்தான். "நல்லா செஞ்சிருக்கானுங்க அக்கா," என்று பெட்டியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். பிறகு பென் டிரைவைக் கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டு, கலாவின் மெஷினுக்குப் போய்ப் பட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் மே மாதம் கலா வந்தாள். வீடு கட்டி முடிந்திருந்தது. தனுஜா அம்மாவைவிட உயரம். இனிப் போக மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ஏஜென்சிக்காரன் ஆகஸ்ட்டில் டிக்கட் இருக்கிறது என்று கோல் எடுத்துக்கொண்டே இருந்தான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "போகட்டுமா?" என்று சுமனைக் கேட்டாளாம். இந்த மடையன் "ஒன் விருப்பம்" என்றானாம்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? இரு எண்டு சொல்ல ஏலாதா?" என்று பிடித்து ஏசினேன்.

"இத்தன வருசம் அவ அடுத்தவங்க சொன்னபடியே இருந்துட்டு வந்திருக்காங்க அக்கா. நானும் ஒன்னு சொல்லவா?" என்றான். அதைக் கேட்டு என் மனசு இளகிப்போனது. இருந்தாலும் ஆத்திரம் தீரவில்லை.

ஜூன் கடைசியில் ஒருநாள் பகல், நல்ல மழை. கடையில் ஆளில்லை. சுமன் தோட்டத்து ஒபீசில் பிரின்டர் பார்க்கப் போயிருந்தான். கலா சுவரோரத்தில் உட்கார்ந்து சீட்டைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அக்கா, நான் போயிருவேன் போல இருக்குங்க," என்றாள்.

"ஏன்?"

"குவைத்துல நான் வேல செஞ்ச வீட்டு அம்மா எனக்குன்னு ஒரு ரூம் வெச்சிருந்தாங்க. நான் லீவுக்கு வந்தா அத அப்படியே பூட்டி வெச்சிருவாங்க, திரும்பி வருவேன்னு. இங்க இவரும் அப்படித்தாங்க வெச்சிருக்காரு. விட்டது விட்ட எடத்துல. வந்து பாத்துட்டுப் போறவளுக்கு வெச்ச மாதிரி." திரையைக் காட்டினாள். "மொதல்ல எனக்கு ஆசையா இருந்துச்சு. இப்ப பாத்தா, இவரு வாழ்க்கையில எனக்கு இந்த மூலை மட்டுந்தானோன்னு இருக்கு. அவருக்கும் இதத் தவிர ஒன்னும் புடிக்காது போல."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. அடக்கியும் பழக்கமில்லை.

"புடிக்காதா? அவனுக்கா?" என்று எழும்பிப்போய் லாச்சியை இழுத்தேன். சிவப்புக் கயிறு கட்டிய பென் டிரைவை எடுத்தேன். "இங்க வா நீ!"

பின்னறை மெஷினில் செருகினேன். எந்தப் பொத்தானைத் தட்ட வேண்டும் என்பது அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தெரியும். பிளாஸ்மா பளபளவென்று வந்தது. அந்த மாதம்தான் வெளிவந்த பதிப்பு. கலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதான் உன் புருஷனுக்கு உசிரு. புதுசு வந்தா இங்க ஒளிச்சி வெச்சிப் பாக்கிறான். அரை மணித்தியாலம், அவ்வளவுதான். பொறகு போய் உன்ட மூலையச் சரி பண்றான். நீ வந்தா தேடக் கூடாதாம். நீ அழுதாயே ஒருநாள், அண்டைக்குத் தொடங்கினது!"

கலா மவுஸைப் பிடித்தாள். கை பழக்கத்தில் இடது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கீழே வந்தாள், எதையோ தட்டினாள், ஜன்னல்களெல்லாம் சுருங்கிச் சிதறின. "அய்யோ" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் சுமன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். திரையைக் கண்டதும் கள்ளன் மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னாங்க," என்றாள் கலா, திரும்பாமல். "ஒங்களுக்கு எது புடிக்கும்?"

"எனக்கு எதுவும் பரவால்ல..."

"நான் அதக் கேக்கல."

சுமன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதுதான்," என்றான் மெதுவாக. "இது ரொம்பப் புடிக்கும்."

"அப்ப என் மெஷின்ல இதப் போடுங்க."

"ஒனக்கு ஒன்னும் வெளங்காது கலா. எல்லாம் வேற எடத்துல இருக்கும்."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

போட்டார்கள். மெஷினில் இருந்த கோப்புகளை வேறாக எடுத்துவைத்துவிட்டு அவன் ஒவ்வொரு படியாகத் தட்ட, அவள் தோளுக்கு மேலால் பார்த்து ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சாக்குப் படம் கண்ணை விட்டு மறைந்தபோது நானே முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அதற்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஓடத் தொடங்கியதும் சுமன் பெட்டியைச் சுழற்றிக் காட்டினான். இத்தனை வருஷமாக அவளுக்குக் காட்ட வைத்திருந்தது அதுதான் என்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"இதுக்கும் புதுசு வருமா?" என்று கலா கேட்டாள்.

"வரும். வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"அடுத்தது எப்ப?"

"ஒக்டோபர்ல."

 ஆகஸ்ட்டுக்குப் பிறகுதான் ஒக்டோபர் வரும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். சுமன் மவுஸின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"நீ இரு கலா," என்றான். "ரெண்டு பேருமா போடலாம்."

கலா அவன் ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். அவன் பழக்கத்தில் இடது மூலைக்கு ஒரு பட்டையை இழுத்துவைக்கப் போனான். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்க ஒன்னும் வெக்காதீங்க," என்றாள். "நான் இங்கதானே இருக்கப் போறேன். தேடிக்கிறேன்."