டிஸ்குக்கு முறை வைத்தவன்

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம். வீராப்பு அதைவிட அதிகம். நான்கு பெரிய சர்வர்களைப் பிரித்துப் பதினாறு மெய்நிகர் கணினிகளாக அமைத்தவன் நான். அதை யாராவது குறை சொன்னால் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

குறை சொன்னவர் நாகூரிலிருந்து வந்து படிக்கும் ஆய்வு மாணவி. கடல் உப்பு நிலத்தடியில் எவ்வளவு தூரம் ஏறி வரும் என்று ஊர் ஊராகக் கணக்கிடுவது அவருடைய ஆய்வு.

"சார், கணக்கு ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுது. பதினாறும் சேர்ந்து ஒரே ஃபைல்ல எழுதத்தான் ஒரு நாள் ஆவுது. கடற்கரை ஊருங்கள சேர்த்தா எழுதியே முடியல. வெள்ளிக்கிழமை தீசிஸ் கொடுக்கணும் சார், இனிமே தவணை தர மாட்டாங்க."

"உங்க ப்ரோகிராம்லதாம்மா கோளாறு," என்றேன். பார்க்காமலேயே சொன்னேன்.

எங்களுக்குச் சீர்காழிப் பக்கம் நிலம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்போம். இன்று ஒருவர் வயல், நாளை அடுத்தவர் வயல். பதினாறும் பொதுவான ஒரே டிஸ்கில் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதானே? முறை வைத்தேன். ஒரு கணினி எழுதி முடித்த பிறகுதான் அடுத்தது எழுதலாம். டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை தொடங்கிய வேலை வியாழன் காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"தண்ணி இல்லாதப்பதானே சார் முறை வைப்பாங்க? இங்க தண்ணி இல்லேன்னு பாத்தீங்களா?"

சத்தியமாகப் பார்க்கவில்லை. அளந்து பார்த்தால், டிஸ்க் பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. மெய்நிகர் கணினிகளை உருவாக்கியபோது ஒவ்வொன்றுக்கும் பழைய மாதிரி டிஸ்க் இணைப்பைக் கொடுத்திருந்தேன். அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் உள்ளே விடும். ஆறு நிறையத் தண்ணீர். மதகு மட்டும் ஒரு சாண். அந்தப் பதினாறு மதகில் பதினைந்தை அடைத்துவிட்டுத்தான் நான் மார்தட்டியிருக்கிறேன். அடச்சே, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

முறையை எடுத்துவிட்டு இணைப்பை மாற்றினேன். கடற்கரை ஊர்களையும் சேர்த்து, எழுதும் வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அப்போது வியாழன் மாலை. வந்த முடிவை அந்த ஊர்க் கிணறுகளில் அளந்த உப்பின் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவே ஒரு வாரம் வேண்டும்.

கடற்கரை ஊர்கள் இல்லாமலேயே தீசிஸ் போனது. வரைபடத்தில் நாகூர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. நன்றிப் பக்கத்தில் என் பெயர் வேறு.

"அத எடுத்துடுங்கம்மா, வெட்கமா இருக்கு."

"இருக்கட்டும் சார்," என்றார். "எங்க ஊர் ஏன் இல்லேன்னு யாராவது கேட்டா, உங்ககிட்ட அனுப்பணும்ல."