கல்வெட்டின் முதல் வரி

ஜோகுபாளையத்தில் இடிக்கப்பட்ட எங்கள் தமிழ்ப்பள்ளி நின்ற இடத்தில் அதற்கே புதிய கட்டடம் எழுகிறது. அதன் ஈரக் காரையின் மணம், பழைய பள்ளியைக் கட்டியபோது ஞாயிறுதோறும் கூலி வாங்காமல் சாந்துச்சட்டி சுமந்த என் அன்னையின் வியர்வையையும், சாரப் பலகையின் கிறீச்சொலியையும், பணம் ஈந்தோர்க்கு மட்டுமே பொன்னாடை போர்த்திய திறப்பு விழாவில் கடைசி வரிசையில் நின்று அவள் கைதட்டிய ஓசையையும் என்னுள் எழுப்பிற்று.

"நன்கொடை குடுக்கறீங்க, கல்வெட்டுல உங்க பேரு பட்டத்தோட வரணும் சார்" என்றார் பள்ளிச் செயலாளர்.

"என் பேரு வேணாம். எங்கம்மா பேர, முனியம்மாள், சித்தாள்னு வெட்டுங்க."

"சித்தாளா? பெரிய மனுஷங்க வர்ற எடம் சார், நல்லாவா இருக்கும்?"

"முதல் வரியில இருந்தா ரொம்ப நல்லா இருக்கும்" என்று கூறி, நீட்டிய காசோலையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கல்லில் அவள் பெயரைக் கண்ட பிறகே அது வெளியே வரும்.