பன்னிரண்டு வருடம் தாங்கிய முட்டிகள்

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், செங்கம் ரோட்டில் ஒன்பது லாட்ஜ் கட்டியிருக்கிறேன். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். அடி அண்ணாமலையில், இது ஏரி மண், மாடி தாங்காது என்று இன்ஜினீயர் கைவிட்ட இடத்தில் மூன்று மாடி. ஒரு விரிசல் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். அறுபத்திரண்டு வயதில் மாற்றிய என் இரண்டு முட்டிகளையும் இவற்றோடு சேர்த்துத்தான் சொல்வேன்.

அறுத்து உலோக மூட்டு வைத்தது டாக்டர். இல்லை என்று சொல்லவில்லை. பிறகு அதை மடக்கியது யார்? துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை இழுக்க வேண்டும். உயிர் போய்விட்டு வரும். அதே நாளில் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கட்டில்காரர் வலிக்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்தார். அவர் கால் இன்றும் பாதிதான் மடங்குகிறது. நான் ஒரு வேளைகூட விடவில்லை. மூன்றாம் மாதம் மாடிப்படி ஏறினேன்.

போன தை மாதம் இடது முட்டி வலித்தது. வைத்த மூட்டு பல வருடம் கழித்து ஆட்டம் காணலாம், அப்போது மறுபடி அறுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எழுபத்து நாலு வயதில் இன்னொரு தடவை மேசையில் படுக்க எனக்குத் தைரியமில்லை. யாரிடமும் சொல்லாமல், பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தோடு மலையைச் சுற்றி வந்தேன். கட்டடத்தில் பாரம் ஏற்றிப் பார்ப்பதில்லையா, அப்படி. முழுச் சுற்றும் நடந்தேன். வீடு வந்தபோது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டிய மனுஷன் மலையைச் சுத்திட்டு வந்திருக்காரு," என்றாள் மனைவி. "கொஞ்சம் கம்மியா சுத்தியிருக்கக் கூடாதா?"

"பாதியில திரும்பினாலும் அதே தூரம்தான்டி."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூட்டு இம்மிகூட அசையலைங்க பெரியவரே. தொடைத் தசைதான் தளர்ந்துபோச்சு. பயிற்சி பண்றீங்களா?"

"பேத்தி கல்யாணம்னு மூணு மாசமா விட்டுட்டாருங்க," என்று மனைவி முந்திக்கொண்டாள்.

"அதான் வலி. திரும்ப ஆரம்பிங்க. வீக்கம் வடியற வரைக்கும் மலைப்பக்கம் போகாதீங்க. ஆபரேஷன்லாம் வேணாம்."

எனக்கு அப்போதே இன்னொரு மாடி எழுப்பலாம் போலிருந்தது. டாக்டருக்கும் பெருமை தாங்கவில்லை. சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டு, "பன்னிரண்டு வருஷம் ஆச்சு, என் வேலையைப் பாருங்க," என்று காட்டினார். வரவேற்பறையில் மாட்ட என் போட்டோவும் கேட்டார்.

"மூணு மாசம் நான் விட்டதுக்கே வலி வந்துடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க டாக்டர். அப்போ அதுவரைக்கும் காப்பாத்தினது யாரு?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கான்கிரீட்டை ஒரே நாளில் போட்டுவிடலாம். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவனால்தான் அது இறுகுகிறது. படத்துக்குக் கீழே அவர் பெயர் தாராளமாக இருக்கட்டும். அடுத்த வரியில், தினம் மடக்கி நீட்டி இத்தனை வருடம் இதை நிற்க வைத்தவர் இந்த மேஸ்திரி என்றும் எழுத வேண்டும். எழுதிக் காட்டட்டும், போட்டோ தருகிறேன்.